கொக்கி கேட்டவனுக்கு

கொட்டாஞ்சேனை,
சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி றெஜிக்கு,

அக்கா றோஸி எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய். நீ சுகமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் போனைப் பொலிஸ் எடுத்து வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு றமீலாவின் புருஷன் நாளைக்கு குவைத்துக்குத் திரும்புகிறான். நீ இருக்கும் இடம் அவனுக்குத் தெரியுமாம். அதனால் பேப்பரில் எழுதி அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழி.

தேர்தல் செய்தி உனக்குக் கிடைத்திருக்கும். உன் புஷ்பராஜ் அண்ணன் வென்றுவிட்டார். மாநகர சபைக்குப் போன அன்று எங்கள் சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள். மற்றக் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டிய பெடியன் ஒருவனைக் கடைக்குள்ளிருந்து இழுத்து வந்து, ஒட்டிய போஸ்டரையே கிழித்து அவன் வாய்க்குள் திணித்தார்கள். அவன் ஓங்காளித்து விழும்வரை ஆட்கள் வீடியோ எடுத்தார்கள். நீ இங்கே இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பாய்.

முகத்துவாரத்தில் கடலுக்குள் நீளும் கல்லணையின் கேற்றை எல்லாருக்கும் திறந்துவிடுவேன் என்றுதானே அவர் வோட்டுக் கேட்டார்? கேற்றுக்கு இப்போது புதுப் பூட்டு. பக்கத்தில் அவருடைய சிரித்த முகத்தோடு ஒரு பலகை, கீழே ‘சுற்றாடலைக் காப்போம்’ என்று மூன்று மொழியில். உல்லாசத் தூண்டில் சங்கம் அவரைத் தன் காப்பாளராக்கிவிட்டது. சங்கத்து அட்டை உள்ளவன் மட்டும் உள்ளே போகலாம். வெள்ளவத்தை மாடி வீடுகளிலிருந்து தொப்பி போட்ட கனவான்கள் வான் வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள்.

போன வருடம் அந்தக் கம்பிவேலி போட்டபோது உன் மச்சான் டெரிக் கோபப்படவே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். ஆற்று வாயில் மீன் முட்டை விடுகிற இடம், கொஞ்சக் காலம் விட்டால் நல்லதுதான் என்றார். அறுந்த நைலோன் நூலில் கால் சிக்கிச் செத்த நீர்க்காகத்தைக் கொண்டுவந்து உன்னிடம் காட்டியவரும் அவர்தான். பிறகுதான் சங்கத்துக்குத் தனி அனுமதி வந்தது. எங்கள் தூண்டிலில் மாட்டினால் முட்டை மீன், அவர்கள் தூண்டிலில் மாட்டினால் விளையாட்டு. இந்த நாட்டில் சுற்றாடல் சட்டம் என்பது ஏழையை வெளியே நிறுத்துகிற வேலி. வேறு ஒன்றுமில்லை.

டெரிக் அந்த மீனை நம்பிச் சீவிக்கிறவர் இல்லை. கிழமை முழுக்க ஹாபரில் கொள்கலன்களுக்கு நடுவே நின்று மற்றவர்களின் ஏச்சு வாங்குகிறவர். ஞாயிறு பூசை முடிந்து கல்லில் போய் நிற்கும் அந்த நேரம் மட்டும் யாரும் அவரை ஏசுவதில்லை. அதற்காகத்தான் தேர்தலுக்கு முன் அன்றைக்கு உங்களோடு வந்தார். புஷ்பராஜ் பூட்டை உடைப்பார், கமெரா வரும், எல்லாரும் தூண்டிலோடு உள்ளே போகலாம் என்று சொல்லி அவரைக் கூட்டிப்போனது நீ. உங்கள் வான் வண்டிக்குள் இரும்புக் குழாய்கள் கிடந்ததை நீ சொல்லவில்லை.

அங்கே நடந்ததை டெரிக் எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். நீ நின்ற பக்கத்திலிருந்து இது தெரிந்திருக்காது.

பூட்டு உடைந்ததும் தூண்டில்காரர்கள் எல்லாரும் கல்லணையின் நுனிக்குப் போய்விட்டார்கள். கேற்றடியில் காவல்காரர்களை உங்கள் ஆட்கள் அடிக்கத் தொடங்கியது அலைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. டெரிக் வளைவில் நின்று இரையைக் குத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் பின்னாலிருந்து ‘கொக்கி! கொக்கி!’ என்று சத்தம் வந்தது.

கல்லில் நிற்கிற எவனுக்கும் அந்தச் சத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பெரிய மீன் மாட்டிவிட்டது. கிட்ட நிற்பவன் மீனைக் குத்தித் தூக்குகிற கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். யார், என்ன என்று கேட்கக் கூடாது. நீட்டிய கையில் கம்பை வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று. டெரிக் அதைத்தான் செய்தார். ஓடி வந்தார், கையில் வைத்தார், கடலைப் பார்த்தார். பாரை மீன் எங்கே என்று தேடினார், றெஜி. முதுகுக்குப் பின்னால் ஒரு மனிதன் கொரகொரவென்று மூச்சிழுக்கும்வரை அவர் மீனைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பினால் அந்தக் காவல்காரப் பையன் லோகேஸ்வரன் கல்லில் சாய்ந்து கிடந்தான். கொக்கி தாடைக்குக் கீழே ஏறியிருந்தது. உங்கள் ஆட்கள் அப்போதும் அவன் விலாவில் உதைத்தார்கள். நீங்கள் எல்லாரும் வானுக்கு ஓடிய பிறகு, அவன் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தது டெரிக் மட்டும். பொலிஸ் வந்தபோது உடம்பெல்லாம் இரத்தத்தோடு இருந்ததும் அவர் மட்டும். கம்பின் மூங்கில் பிடியில் அவர் பெயரைச் சுட்டு வைத்ததே நீதானே? வேறு என்ன வேண்டும் அவர்களுக்கு?

அன்று மத்தியானம் நீ வீட்டுக்கு வந்து குளித்தாய். ‘கேற்றடியில சின்னச் சண்டை அக்கா, மச்சான் பின்னுக்கு வாறார்’ என்றாய். நான் உனக்குச் சோறு போட்டேன். மீன் குழம்பைக் கேட்டு இரண்டாம் தரமும் ஊற்றினாய்.

லோகேஸ்வரன் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். அவன் தாய் நாகமணி ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து கோர்ட்டுக்கு வந்திருந்தா. நான் டெரிக்கின் மனைவி என்று யாரோ காட்டிக்கொடுத்தார்கள். நேராக வந்து என் முகத்தில் அடித்தா. பிறகு என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினா. ‘எம்புள்ளய மீனு மாதிரி குத்திப்புட்டீங்களேடி, அவனும் சம்பளத்துக்குத்தானடி நின்னான்’ என்று கத்தினா. நான் கையைத் தூக்கவில்லை. புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். அந்த அடி உனக்கு வர வேண்டியது.

டெரிக்கை ரிமாண்டில் இரண்டு தரம் அடித்துவிட்டார்கள். யார் சொல்லி அடித்தார்கள் என்று நீயே யோசி. முன் பற்கள் இல்லை, கதைத்தால் காற்றுப் போகிறது. அந்த வாயால்தான், அதுவும் நான் அழுது கேட்ட பிறகு, ‘நீட்டினது றெஜிட கைதான். சத்தமும் அவன்டதான். நீ ஒருத்தருக்கும் சொல்லாத, உன்ட தம்பி’ என்றார். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா? அவரை அங்கேயே இரண்டு அறை அறைய வேண்டும் போல இருந்தது. நடுவில் கம்பி இருந்தது.

நான் சொன்னேன். நேரே பொலிஸுக்குப் போய் உன் பெயரைச் சொன்னேன். நீ அதையும் தெரிந்துகொள். அங்கிருந்த ஐயா சிரித்துவிட்டு, தங்கச்சி முறை வைத்து, ‘நங்கி, புருஷனைக் காப்பாத்த எந்தப் பொம்பிளையும் இப்பிடித்தான் சொல்லும். பார்த்த ஆள் இருக்கா?’ என்றார். பார்த்த ஆள், அன்றைக்குக் கல்லில் நின்ற கடைக்கார மர்ஸூக். சாட்சி சொல்கிறேன் என்று சொன்னவர். அடுத்த நாளே அவர் கடைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, கல்லாப் பெட்டியின் மேல் அவர் வலக்கையை வைத்துக் குழாயால் அடித்து உடைத்தார்கள். இப்போது அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லையாம். அவர் மனைவி பர்ஹா என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறா. நான் குறை சொல்லவில்லை.

புஷ்பராஜ் எங்கள் வீட்டுக்கும் வந்தார், பிஸ்கட் பெட்டியோடு. ‘பிள்ளை, மச்சானும் மச்சானும் ஒரு குடும்பம்தானே. ஒருத்தன் உள்ளுக்கு இருந்தா மற்றவன் வெளியில உழைக்கலாம். ரெண்டு பேரையும் ஏன் இழக்கிறீங்க?’ என்றார். குழம்புச் சட்டியை அவர் மேல் வீசினேன். சூடாக இல்லாமல் போனதுதான் கவலை. அவரோடு வந்தவன் என் கழுத்தைப் பிடித்தான். அம்மா கத்தியதால் விட்டான். போகும்போது, உனக்கு விசா எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நன்றி கேட்கிறார்.

நீ வில்லன் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காவல்காரர்கள் உன்னையும் பொல்லால் அடித்திருக்கிறார்கள். குளித்துவிட்டு வந்தபோது உன் முதுகைப் பார்த்தேன். பயத்தில் கையில் வந்ததை வீசினாய் என்றால் மன்னிக்கலாம். ஆனால் நீ கூப்பிட்டாய், தம்பி. மச்சான் கேள்வி கேட்காமல் ஓடி வருவார் என்று தெரிந்து அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டாய். என்னால் விழுங்க முடியாதது அதுதான்.

சட்டத்தரணி சொல்கிறார், நீ வந்து நடந்ததைச் சொன்னால் டெரிக் வெளியே வருவார், உன் வழக்கையும் கைகலப்பில் நடந்தது என்று வாதாடலாம் என்று. நீ வராவிட்டால் அவருக்கு ஆயுள் தண்டனை, அல்லது அதற்கு முன்பே உள்ளே வைத்து அடித்துக் கொன்றுவிடுவார்கள். வழக்கின் அடுத்த தவணை அடுத்த மாதக் கடைசியில். அதற்குள் வா. எயார்போட்டில் நான் நிற்பேன். உன்னைத் தனியாகப் பொலிஸுக்கு அனுப்ப மாட்டேன். அவர்கள் உன்னை அடித்தால் என்னைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும்.

அம்மா தினமும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் உனக்காக மெழுகுதிரி கொளுத்துகிறா. உனக்கு ஒன்றும் வரக் கூடாது என்று கேட்கிறாவாம். நானும் பக்கத்தில்தான் முழங்காலில் நிற்கிறேன். நான் கேட்பது வேறு. அந்தோனியார் உன் உடம்புக்குச் சுகம் தரட்டும், நல்ல சாப்பாடு தரட்டும், வேலையில் ஆபத்தில்லாமல் வைத்திருக்கட்டும். தூக்கத்தை மட்டும், நீ பிளேனில் ஏறும்வரை, தராமல் இருக்கட்டும்.

உன்னை இன்னும் தம்பி என்று கூப்பிடும்,
அக்கா றோஸி.