பிலோ பாதியில் விட்ட போர்வை

என் பக்கத்து மெஷின்காரி பிலோவுக்கு,

கிறிஸ்மஸ் முடிந்து நாலு நாள் ஆகிறது. கடைக்கு லீவு. உன்னை உட்கார்ந்து திட்டுவதற்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்தாய். ஒரு மாசம் கழித்து உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் தையல் கடைக்கு ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரிசி மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் தவிடு. பைக்குள்ளே நீ பாதி தைத்த துண்டுத்துணிப் போர்வை.

"கட்டிலுக்கு அடியில இருந்துச்சு சேச்சி. எனக்காகத்தான் தச்சிருப்பா. பாருங்க, என் லுங்கியெல்லாம் இருக்கு. கிறிஸ்மஸுக்குக் கட்டில்ல விரிக்கணும். முடிச்சுத் தருவீங்களா?"

அந்த முகத்தைப் பார்த்து யார் முடியாது என்று சொல்வது? சரி என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

நைட்டி வெட்டும்போது கால் இன்ச் பிசகினால் என்னிடம் கத்துவாயே, இதை எந்தக் கண்ணால் வெட்டினாய்? ஒரு துண்டு ஏழு இன்ச், அடுத்தது ஆறே முக்கால். எதிலும் மார்க் இல்லை, எது எதுக்குப் பக்கத்தில் என்று ஒரு குறிப்பும் இல்லை. தரையில் பரப்பி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். உன் தையலைப் பாதிக்குமேல் பிரித்தேன். பிரித்த பிறகு அலசிப் போட்டால், சிவப்புத் துண்டு சாயம் விட்டுப் பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸ். பஞ்சு வைத்து மூன்று அடுக்காக ஓட்டினால் ஊசி ஒடிகிறது. ஒரே வாரத்தில் ஐந்து ஊசி. கடை வேலை முடிந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் இதோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் சமைக்கவே கை வரவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் உன் மகள் ஷீபா கடைக்கு வந்தாள்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு கும்பளங்கிக்குப் போனவள். இரண்டு வருஷமாக அப்பா அவளை வீட்டுப்படி ஏறவிடவில்லை. நீயும் பேசுவதில்லை என்றுதானே என்னிடம் சொல்லியிருந்தாய். உன் அடக்கத்தில்கூட அவள் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனாள். வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"பெரியம்மா, அம்மா கிறிஸ்மஸுக்குத் தர்றேன்னு சொன்ன போர்வை உங்ககிட்ட இருக்கா?"

"உங்கிட்ட எப்படி சொன்னா?"

"போன்ல. தினமும் மத்தியானம் கூப்பிடுவாங்களே."

எனக்கு அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? தினமும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் முன்னால் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போவாய். யாருடி என்றால் நாகர்கோவில் தங்கச்சி என்பாய். பதினோரு வருஷம் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். என்னிடம் எதற்கு அந்தப் பொய்? வயிற்று வலியைக்கூட கேஸ் என்று சொல்லி மூன்று மாசம் ஏமாற்றினாய். நான் யாரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று பயந்தாய்?

ஷீபா துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். பச்சைக் கட்டம் அவளுடைய ஸ்கூல் யூனிஃபார்ம். மஞ்சள் அவளுடைய முதல் சுடிதார். "அப்பா லுங்கி?" என்றேன்.

"அது நான்தான் கேட்டேன் பெரியம்மா. அப்பாவோடதும் ஏதாவது வச்சுத் தைங்கன்னு."

அப்புறம் எனக்கு ஒரு நாளும் சரியாகத் தூக்கமில்லை. வாக்குக் கொடுத்தது அவருக்கு. பொருளோ இவளுடையது. ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஷீபாவுக்கு' என்று எழுதி வைத்திருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திருக்குமா?

அடுத்த நாள் கடைக்கு வந்த அந்தோணி அண்ணனிடம், போர்வை ஷீபாவுக்காகத் தைத்தது என்று சொன்னேன். "அவ பேரை எங்கிட்ட எடுக்காதீங்க சேச்சி" என்றார். லுங்கியை அவள் கேட்டு வாங்கியதையும் சொன்னேன். எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் கடைப்பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தாலும் படகு ஜெட்டிப் பக்கமாகத் திரும்பி நடந்தார். எனக்கென்ன வந்தது, இரண்டு பேருக்கும் கொடுக்காமல் மூலையில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, தைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இருபத்து நாலாம் தேதி மத்தியானம் வந்தார். "முடிஞ்சுதா?"

"ஓரப்பட்டி பாக்கி. அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிங்க, கனத்துல இழுக்குது."

பிடித்தார். அவர் வருவதைப் பார்த்ததுமே ஷீபாவுக்கு போன் போட்டதை நான் சொல்லவில்லை. கடைத்தெருவில் கேக் வாங்கத்தான் வந்திருந்தாள், கால் மணி நேரத்தில் வாசலில் நின்றாள். அவர் பார்த்தார். துணியைக் கீழே போடவில்லை. நான் மெஷினை நிறுத்தினால் எழுந்து போய்விடுவார் என்று பயந்து மிதித்துக்கொண்டே இருந்தேன். அவள் மெதுவாக உள்ளே வந்து, தரையில் புரண்ட மூலையை எடுத்துப் பிடித்தாள். ஒரு பக்கம் முழுக்க முடிந்தது. போர்வையைத் திருப்பினோம். இரண்டாவது பக்கம் பாதியில், அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"கும்பளங்கிக்கு பஸ் எப்பல்லாம் இருக்கு?"

"அரை மணிக்கு ஒண்ணுப்பா."

"இது கனக்கும். நான் கொண்டுவந்து விடறேன்."

அவ்வளவுதான். தோளில் போட்டுக்கொண்டு போனார், மண்டியில் மூட்டை தூக்குவது மாதிரி. அவளுடைய வீட்டுக்குள்ளே அவர் போகவில்லையாம். வாசலில் நின்றபடி சாயா குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். மருமகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாரும் சந்தோஷம், கதை முடிந்தது என்று நீ நினைத்துவிடாதே. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அவரை உட்கார வைக்க ஓரம் தைக்கிற நேரம்தான் ஆனது பிலோ. இரண்டு வருஷம் படிக்கட்டில் நின்று ரகசியம் பேசியதற்கு, ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கலாம். அவர் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமும் பிடித்திருந்தபோது, பார்க்க வேண்டியவள் நீயல்லவா? உன் மெஷின் கவர் போட்டுக் கிடந்தது.

இனி நான் சும்மா இருக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வரும்போதெல்லாம் உன் வீட்டுக்காரரை வழிமறித்து, மகளைப் பார்க்கப் போனீங்களா என்று கேட்பேன். அவர் முகத்தைச் சுளித்தாலும் கேட்பேன். வாசலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார் என்று ஷீபா சொல்கிற வரைக்கும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
ஷீபாவின் பெரியம்மா,
செல்வராணி
மட்டாஞ்சேரி