பதினோராம் நம்பர் பிராக்கெட்

விவேக் நகர், பெங்களூர்
12-7-1999

அன்பு மகள் வீணாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. குழந்தை இயேசு புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். மஸ்கட்டில் உன் உடம்புக்கும் ஆஸ்பத்திரி டியூட்டிக்கும் அவர் துணையிருக்கத் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

கண் ஆபரேஷன் ஆன மனுஷனுக்கு வெல்டிங் எதற்கு, மெஷினை விற்றுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்த நேரம் அப்பா கோவில் பால்வாடிக்குப் பதினாறு இரும்பு பிராக்கெட் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார், பிள்ளைகள் பாய் போட்டுத் தூங்குகிற இடத்துக்கு மேலே எட்டுப் பலகை, அதில் அரிசி டப்பா, பாத்திரம் எல்லாம். டாக்டர் வேலை பார்க்கலாம் என்றுவிட்டார், கனம் மட்டும் தூக்கக் கூடாதாம். ஆனாலும் கண் முன்போல் இருக்குமா என்று எனக்குப் பயம். ஒவ்வொன்றின் கீழ்ப்பக்கமும் நம்பர் கொத்தச் சொன்னேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்றாகப் பின்கட்டு மரத்தூணில் மாட்டி, பக்கத்து வீட்டு ஆட்டோ முனிராஜ் அதன் நுனியில் நம் அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிடுவான், நான் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை முடிக்கும்வரை அது தாங்க வேண்டும். தாங்கினால் நோட்டில் டிக், பிறகுதான் பெயின்ட், முதலிலேயே பூசிவிட்டால் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருந்தாலும் தெரியாது. மூன்றாவது மட்டும் மூலையில் விரிந்தது, உள்பக்கமும் பற்றவைத்துத் திருத்தினார்.

சனிக்கிழமை எல்லாப் பலகையும் மாட்டியாயிற்று. சாயங்காலம் நோட்டைப் புரட்டினால் பதினொன்றுக்கு நேரே டிக் இல்லை. அது நான் கோவில் நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்த முந்தின வார வியாழக்கிழமை, முனிராஜும் சவாரி போயிருந்தான். அப்பாவைக் கேட்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அது சரியாய்த்தான் இருக்கும் என்கிறார். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பால்வாடி ஜோசஃபின் சிஸ்டரிடம் ஓடி, நாளைக்குப் பிள்ளைகள் வருவதற்குள் அந்தப் பலகையைக் கழற்றுங்கள் என்று கெஞ்சினேன். பின்னாலேயே வந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். கல்லைத் தூக்கக் கூடாதே என்று, அன்றைக்குத் தானே அந்த பிராக்கெட்டைப் பிடித்துத் தொங்கினாராம், அறுபத்திரண்டு வயதில். பத்து அருள் நிறைந்த மரியே சொல்லும்வரைதான் கை தாங்கியதாம். டாக்டர் தூக்காதே என்றுதான் சொன்னார், தொங்காதே என்று சொல்லவில்லையே என்று என்னிடமே நியாயம் வேறு. சொன்னால் உனக்கு எழுதிவிடுவேன் என்று மறைத்தாராம், இதோ எழுதிவிட்டேன்.

பத்து போதாது என்றேன். முனிராஜ் ஆட்டோவில் அம்மிக்கல்லைக் கொண்டுவந்தான், சுவரில் இருந்தபடியே கட்டினோம், சிஸ்டர் கூடவே பதில் சொல்ல முழு ஜெபமாலையும் முடிந்தது, ஒரு நூல்கூட இறங்கவில்லை. அப்பா அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். நோட்டை அவரிடமே நீட்டினேன், பதினொன்றுக்கு நேரே இரண்டு டிக் போட்டார். இன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன், அதன் கீழே நாலு பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகின்றன. வீட்டுக்கு வந்து எத்தனையோ நாளைக்குப் பிறகு நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே பூசை கிடைக்கிற நாளில் விடாதே. உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள். மெஷினை விற்கும் பேச்சு இனி வேண்டாம், அங்கே நல்ல வெல்டிங் கண்ணாடி கிடைத்தால் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு, அப்பாவுக்கு.

ஆசீருடன்,
அம்மா