பொத்தான் டப்பாவில் நாலாவது ஓட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அண்ணனும் சித்தியும் சுகமாகவே இருக்கிறோம். அம்மாவையும் அந்த வரியில் சேர்த்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்தி, நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டின் விஸ்தீரணம் உனக்குத் தெரியாததா, சமையலறையில் முணுமுணுத்தால் படுக்கையறையிலிருந்து பதில் வரும். தெருவுக்குப் போய்ப் பேசலாமென்றால் செருப்பு மாட்டும்போதே, யாருக்குப் போன் என்று அம்மா கேட்டுவிடுகிறாள். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

அம்மாவின் வயிற்றுக் கட்டி திரும்ப வந்துவிட்டது. போன தடவை எடுத்த அதே இடத்தில், இந்த முறை ஈரலையும் தொட்டிருக்கிறதாம். அண்ணனையும் என்னையும் உட்கார வைத்து டாக்டர் சொன்னார். இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், செய்தால் கொஞ்ச காலம் கூடக் கிடைக்கலாம், மேசையிலிருந்து எழுந்திருக்காமலும் போகலாம். வேண்டாமென்றால் வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்த மழைக்காலம் தாண்டுவது சிரமம். நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்.

உன் அப்பனுக்குத் தனியாக ஒரு முடிவெடுக்க என்றைக்குத் தெரிந்தது? குடிநீர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் எந்தத் தேர்தல் வந்தாலும் என்னைத்தான் வாக்குச்சாவடிக்கு இழுப்பார்கள், அங்கே புழங்கிய வார்த்தைகளெல்லாம் என்னோடு வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டன. தையல் மிஷினுக்குப் பின்னால் திரை கட்டி, அம்மாவின் பொத்தான் டப்பா மூடியில் கீறல் போட்டு வைத்தேனே, நினைவிருக்கிறதா. வெள்ளைப் பொத்தான் என்றால் சரி, கறுப்பு என்றால் வேண்டாம், போட்டு வந்தவர் நகத்தில் என் பேனா மை. சுவருக்கு என்ன நிறம் என்பதிலிருந்து நீ இவ்வளவு தூரம் வேலைக்குப் போவது வரை அப்படித்தான் முடிவானது. பச்சை வண்ணத்துக்காக அறை அறையாகப் பிரசாரம் செய்து நான் டெபாசிட் இழந்ததை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். நீ போகலாமா என்ற வாக்கெடுப்பில் விழுந்த ஒரே கறுப்பு என்னுடையது என்று ரகசிய வாக்குப்பதிவிலும் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. அண்ணன் எதிர்க்கட்சி, காலையில் ஒரு பக்கமும் சாயங்காலம் ஒரு பக்கமும் பேசும் சித்தி கட்சித்தாவல், யாருக்கும் பிடிகொடுக்காத நீ சுயேச்சை. அதையெல்லாம் சொல்லி எப்படிச் சிரித்திருக்கிறோம்.

இதற்கும் அந்த டப்பாவைத்தான் எடுத்தேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சமையலறையில் நின்று மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். சித்தி துணிக்கடை வேலைக்குக் கிளம்பும் முன் போட்டாள். அண்ணன் ஒரு நடை பஸ் ஓட்டிவிட்டு வந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் போட்டான். நானும் போட்டுவிட்டு மாத்திரை வாங்கப் போனேன். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்தோம். யாருக்காக இந்தத் தேர்தலோ அவளுக்கு ஒரு ஓட்டு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை கண்ணு. நடக்க முடியாத பெரியவர்களை நாற்காலியோடு தூக்கிவரச் சொல்லி ஓட்டுப் போட வைத்தவன் நான், என் வீட்டில் எனக்கு அது தோன்றவில்லை.

சித்தி வேலை முடிந்து வந்ததும் சமையல் மேடையில் டப்பாவைக் கவிழ்த்தேன். மூன்று பேர் போட்ட டப்பாவில் நாலு பொத்தான்கள், இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. யாரோ கள்ள ஓட்டுப் போட்டிருக்காங்க என்று அண்ணன் முகம் சிவந்து சித்தியைப் பார்த்தான். நான் ஒரு தடவைதான் போட்டேன், என்னை ஏன்டா முறைக்கிறே என்று அவள் மை வைத்த விரலை நீட்டினாள். அப்புறம்தான் கவனித்தேன், கறுப்பில் ஒன்று பெரியது, அதன் துளையில் அறுந்த நூல் தொங்கியது. அம்மாவின் கம்பளிச் சட்டையில் கழுத்துக்குப் போடுகிற பொத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது செல்லாத ஓட்டு, பட்டியலில் இல்லாதவர் போட்டது என்று என்னென்னவோ உளறினேன். நிமிர்ந்து பார்த்தால் சுவரைப் பிடித்தபடி அம்மா நிற்கிறாள், சட்டை கழுத்துப் பக்கம் திறந்து கிடக்கிறது. பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்தது யாருங்க, நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன் என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. டப்பாவில் பொத்தான் விழுகிற சத்தம் கேட்டு எழுந்தாளாம், நாங்கள் குசுகுசுவென்று பேசியதும் கேட்டிருக்கிறது. டாக்டர் ஒளிச்சாலும் வயிறு ஒளிக்குமா என்றாள். பிறகு இடது கையை என் முன்னால் நீட்டி, ஓட்டுப் போட்டாச்சு, மை வைங்க என்றாள்.

வைத்தேன். மை நகத்தைத் தாண்டித் தோலெல்லாம் வழிந்தது. அந்த விரல் எவ்வளவு இளைத்துவிட்டது என்பதை அப்போதுதான் பார்த்தேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அவனும் நானும் வெள்ளை, அம்மாவும் சித்தியும் கறுப்பு. இழுபறி வந்தால் சுயேச்சைதான் தீர்க்க வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம், தங்கச்சிகிட்ட தபால் ஓட்டு வாங்குங்க என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தான். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான், வெள்ளைப் பொத்தானுக்கு உன்னிடம் ஓட்டுக் கேட்க. ஆனால் இன்று காலை அம்மாவுக்குத் தலை வாரிவிட்டபோது, நீங்க பயத்துல போட்டீங்க, எனக்குத் தெரியும் என்று அவளே சொன்னாள். உண்மைதான். அவளுக்காகப் போட்ட ஓட்டு இல்லை அது. அவள் இல்லாமல் இந்த வீட்டில் பொழுது விடிந்தால் நான் என்ன செய்வேன் என்ற பயத்தில் போட்டது. அதற்காக அவளை மறுபடியும் கிழித்துத் தைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பொத்தானை எடுத்துவிட்டேன், வாபஸ். ஆபரேஷன் இல்லை. அண்ணன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மறு எண்ணிக்கை வேண்டுமாம், அவனைக் குறை சொல்லவும் முடியாது. நீயும் திட்டு, ஆனால் அவள் காதில் விழாமல் திட்டு.

இனி உன்னிடம் ஓட்டுக் கேட்கவில்லை. கிளம்பி வா. லீவு தருவார்களா, வேலை என்னாகும் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. அம்மா உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை, பிள்ளைக்கு எதுக்குத் தொந்தரவு என்றுதான் சொல்வாள். ஆனால் அந்தப் பொத்தானைத் தைக்க சித்தி போனால் கையைத் தட்டிவிடுகிறாள், நான் தைக்கிறேன் என்றாலும் விடவில்லை. அவ வந்து தைக்கட்டும், நான் சொல்லிக்கொடுத்த தையல் மறந்துடுச்சான்னு பார்க்கணும் என்கிறாள். காற்று ஈரமாக அடிக்கிறது, திறந்த கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

வழியெல்லாம் உனக்குத் துணை கிடைக்கட்டும், எந்தக் குறையும் அண்டாமல் நீ நல்லபடியாக வந்து சேர என் ஆசிகள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, வருகிற வழியில் ஊசி, நூல் என்று கடை தேடி நிற்க வேண்டாம். கண் தெரியாமல் நாலைந்து தடவை தடவித் தடவி, அம்மாவே நூல் கோத்து வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
பதவி விலகிய தேர்தல் அதிகாரி,
உன் அப்பா.