திவ்யாவின் தெத்துப்பல்

பிப்ரவரி 6, 2024

இன்று நான் வேலை பார்க்கும் நூலகத்தில் தும்மினேன். மேல்வரிசைப் பல் செட் கழன்று, மேசையில் விரிந்திருந்த வார இதழின் மேல் விழுந்தது. எதிரே சுப்பிரமணி சார் மட்டும்தான் இருந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார், தினமும் பேப்பர் படிக்க வருபவர். பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டவர், நான் செட்டை எடுத்து மாட்டி முடிக்கும்வரை இறக்கவே இல்லை. அவ்வளவு நேரம் படிக்க அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. டெண்டர் அறிவிப்புகள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. அக்கா இருந்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பாள்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. ஸ்கூட்டியை ஓட்டியது அக்கா திவ்யா, பின்னால் நான். காஞ்சிபுரம் சாலை, டிப்பர் லாரி. அவள் அங்கேயே போய்விட்டாள். எனக்கு மேல்தாடை உடைந்தது. பல் எல்லாம் போயிற்று. எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

பிப்ரவரி 19

காஞ்சிபுரம் போய் வந்தோம். பல் டாக்டர் மாதவி நிதானமாகப் பேசுகிறார். தாடை எலும்பில் ஆறு இடத்தில் ஸ்க்ரூ வைத்து, அதன்மேல் முழு வரிசையையும் இறுக்கிவிடுவார்களாம். தும்மினாலும் விழாது. நாமாகக் கழற்ற முடியாது, டாக்டர்தான் கழற்ற வேண்டும். முதலில் தற்காலிகப் பல். எலும்பு ஸ்க்ரூவைப் பிடித்த பிறகு நிரந்தரப் பல். விபத்து வழக்கில் வந்த பணம் இதற்குத்தான் என்று அப்பா எப்போதோ முடிவு செய்திருக்கிறார்.

"ஆக்சிடென்டுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஒண்ணு வேணும். பல்லு தெரியற மாதிரி சிரிச்சிருக்கணும். அதைப் பார்த்துத்தான் லேப்ல செய்வாங்க."

என்னிடம் இல்லை. ஏனாத்தூரில் பட்டம் வாங்கியபோது எடுத்தது, சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது, எல்லாவற்றிலும் உதடு ஒட்டியிருக்கிறது. சரி, என் பல் எப்படித்தான் இருந்தது? தினமும் கண்ணாடி முன் நின்று தேய்த்த பல். நினைவில்லை. ஐந்து வயதில் படித்த கதையின் படங்கள் நினைவிருக்கின்றன. இது இல்லை.

"என் போன்ல இருக்கும், நான் அனுப்பறேன்" என்றாள் அம்மா.

மார்ச் 4

ஸ்க்ரூ வைத்தார்கள். வலியில்லை. சத்தம்தான். பக்கத்து வீட்டில் சுவரைத் துளைப்பதுபோல் கேட்டது. அந்த வீடு நான்தான்.

மார்ச் 8

தற்காலிகப் பல் பொருத்தியாயிற்று. டாக்டர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, "சிரிங்க அம்முலு" என்றார்.

சிரித்தேன். கண்ணாடியில் திவ்யா இருந்தாள்.

முன்பற்கள் நடுவே அந்தச் சின்ன இடைவெளி. இடது பக்கம் மேலேறி நிற்கும் தெத்துப்பல். வாயை மூடினேன், போய்விட்டாள். திறந்தேன், வந்தாள்.

பல் செய்த ராஜாராம் லேப்பிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் வரிசையாத்தான் கேப்பாங்கமா. இந்தத் தெத்துப்பல்லு அச்சு அசலா வரணும்னு மறுபடியும் செஞ்சேன்" என்றார். முகமெல்லாம் பெருமை. பின்னால் டாக்டரின் கம்ப்யூட்டரில் அம்மா அனுப்பிய படம். தைப்பூசத்துக்குப் பெருநகர் கோயிலில் எடுத்தது. அக்கா வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு தோள். அது நான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் மரத்திருந்தது, அதனால் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். அம்மா பக்கத்தில் நின்றாள். கையை நீட்டினாள். கன்னத்தைத் தொடவில்லை, பல்லைத் தொட்டாள்.

மார்ச் 9

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போனார்.

மார்ச் 27

'ஸ' சொன்னால் இடைவெளியில் காற்று சீறுகிறது. அவள் பேச்சில் வரும் அதே சீறல். நூலகம் காலியாக இருந்தபோது ஒரு கதையை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நடுவில் நிறுத்தி, யார் படிக்கிறார்கள் என்று பின்னால் திரும்பினேன்.

குழாயடியில் எதிர்வீட்டு லக்ஷ்மி அக்கா என்னைப் பார்த்ததும் குடத்தை விட்டுவிட்டாள். "யம்மாடி, ஒடம்பே ஆடிப்போச்சு எனக்கு. அசப்புல அவளேதான் கீற."

அம்மா அங்கேயேதான் இருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. விபத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தலையில் பூ வைத்திருந்தாள்.

ஏப்ரல் 11

அம்மா ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் கத்தரிக்கோல் இருந்தது. "இந்தா, இத்தக் கடி" என்று நூலை என் வாயருகே நீட்டினாள். கடித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நான் நூல் கடிப்பவள் இல்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து நாளெல்லாம் நூல் கடித்தவள் அக்கா.

"தெரிஞ்சேதான் அந்த போட்டோவ அனுப்புனியா?"

அம்மா நிமிரவில்லை. "வேற இன்னாத்த அனுப்பச் சொல்ற? எந்த போட்டோவுல நீ சிரிச்சிக்கினு கீற, காட்டு."

"அதுக்காக அவ பல்லையா?"

"அவளாவது சிரிச்சா."

கொக்கியைத் தைத்து முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

என்னால முடியல. நாக்கை எடுத்தா அவ பல்லுல படுது. சோறு மென்னா அவ மெல்லுறா. வீட்டுல ஆவி இருந்தா வெளியில ஓடலாம். வாய்க்குள்ள இருந்தா — நான் எங்க போறது?

மே 14

படித்த கதைகளில் எல்லாம் செத்தவர்கள் கிணற்றில் இருக்கிறார்கள், மரத்தில் இருக்கிறார்கள், பூட்டிய அறையில் இருக்கிறார்கள். பல்லில் யாரும் இல்லை.

திவ்யா, இதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய்? "என்னுத எங்கிட்டயே குடுத்துடுடி" என்பாய். அப்புறம் சிரிப்பாய். எதைக் கொண்டு?

ஜூன் 10

டாக்டர் போன் செய்தார். எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டதாம். "பர்மனென்ட்டும் இதே ஷேப்ல போட்டுடலாமா? அடுத்த வாரம் முடிவு பண்ணணும். அப்புறம் மாத்தறது கஷ்டம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இதுல யோசிக்க இன்னா கீது" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "திவ்... அம்முலு, அரிசி ஊற வை." மார்ச்சிலிருந்து இப்படித்தான். அவள் பெயர் முதலில் வருகிறது, அதைத் திருத்திக்கொண்டு என் பெயர் பின்னால் வருகிறது.

வேண்டாம் என்றால், அம்மாவிடமிருந்து அவளை இன்னொரு தடவை பறிப்பது. சரி என்றால், சாகும்வரை நான் வாய் திறக்கும்போதெல்லாம் அவள். அப்படியானால் நான் எப்போது?

ஜூன் 13

மோட்டார் கொட்டகைக்கு அப்பாவுக்கு டீ கொண்டுபோனேன். கழனியைப் பார்த்துக்கொண்டே டம்ளரை வாங்கினார். புதுப் பல் வந்ததிலிருந்து என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

"நைனா, இப்டித் திரும்பு. என்னப் பாரு."

"எங்கமா பாக்கறது? பாத்தா அவ நிக்கிறா."

"மாத்தலாந்தான். என் பல்லு எப்டி இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. போட்டோ இல்ல."

அப்போதுதான் திரும்பினார்.

"போட்டோ இன்னாத்துக்கு? முன்பல்லு ரெண்டும் பெருசு ஒனக்கு, முறமாட்டம். அதுல எடது பல்லு ஒரு நெல்லு அளவு உள்ள தள்ளி நிக்கும். பால்பல்லு வுழாம அது பின்னாலயே மொளச்சிடுச்சு. நூலு கட்டி நான்தான் புடுங்குனேன். நீ என் கைய கடிச்சிக்கினே அழுத." ஒரு மடக்கு குடித்தார். "கோரப்பல்லு ரெண்டும் குட்டை. கரும்ப நேரா கடிக்க வராது. ஒருக்களிச்சிக் கடிப்ப, ஆடு மாதிரி."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் மறுபடி கழனிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 18

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் காஞ்சிபுரம் வந்தார். மெழுகில் பதித்த பல் வரிசையை ராஜாராம் மேசைமேல் வைத்து, சூடு காட்டிய கத்தியால் ஒவ்வொரு பல்லாக நகர்த்தினார். அப்பா குனிந்து பார்த்தார். "அந்தப் பல்லு இன்னும் உள்ள. போதும், போதும். ஐய, ரொம்பப் போயிடுச்சு, கொஞ்சம் வா." வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோலவே இருந்தது. டாக்டர் சிரித்தார். கடைசியில் அப்பா நிமிர்ந்து, "இதான்" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா வரவில்லை. தலைவலி என்றாள்.

ஜூலை 22

நிரந்தரப் பல்.

கண்ணாடியில் பெரிய முன்பல்லோடு ஒரு பெண். உடனே யாரென்று தெரியவில்லை. அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன். மெதுவாகத்தான் வந்தாள்.

கழற்றிய வரிசையை ஒரு நீல டப்பாவில் போட்டு, "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று டாக்டர் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் உள்ளே குலுங்கியது. ஸ்கூட்டியின் பின்னால் அவள் தோளைப் பிடித்துக்கொள்வதுபோல் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் அப்பா என் முகத்தைப் பார்த்து, "வா" என்றார்.

அம்மா ஒரே ஒருமுறை பார்த்தாள். "பல்லு நல்லாத்தான் கீது." கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள். துணி இன்னும் காய்ந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 17

அக்காவுக்கு இரண்டாம் வருஷப் படையல். அவளுடைய தையல் மெஷின்மேல் படம், அதன் முன்னால் புதுப்புடவை, வடை, சுழியம். சாப்பிட வந்த லக்ஷ்மி அக்கா என்னைப் பார்த்து, "ஐயய்ய, ஏண்டி மாத்துன?" என்றாள். "சாப்புட வா லக்ஷ்மி, ஆறிடும்" என்று அம்மா அவளுக்கு இலை போட்டாள். தலையில் பூ இல்லை.

இரவு பார்த்தேன். என் அலமாரியில் நீல டப்பா இல்லை. கேட்கவில்லை.

செப்டம்பர் 9

காலையில் ஒட்டடை அடிக்கத் தையல் மெஷின்மேல் இருந்த படத்தை நகர்த்தினேன். பின்னால் நீல டப்பா.

திறந்தேன். பல் ஈரமாக இருந்தது. பேஸ்ட் வாசனை. தெத்துப்பல்லின் மடிப்பில்கூட ஒரு கறையில்லை.

மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். படத்தை முன்னால் நிறுத்தினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "அம்முலு, நாஷ்டா ஆறுது பாரு."

என் பெயர்தான் முதலில் வந்தது.