ஊசி உடைந்தால் என்ன செய்வது

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தங்கமாரி வணக்கத்துடன் எழுதுவது. எனக்குச் சளி விட்டுவிட்டது. அப்பாவின் முழங்கால் தேவலையா? போனில் பேசினால் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

இந்தத் தையல் கம்பெனியில் பயிற்சியெல்லாம் போனில்தான். முன்பு தினம் ஒரு நிமிட வீடியோ வரும். நூல் கோப்பது, ஊசி மாட்டுவது என்று எல்லோருக்கும் ஒரே சின்னப் பாடம். அது எனக்குப் பிடித்திருந்தது. புது ஆப் அப்படியில்லை. நம் பதிலைப் பார்த்து ஆளுக்கொரு பாடம் தருகிறது. தப்பானால் கீழே இறக்கிவிடும். மேலே ஏறினால்தான் மெஷினில் உட்கார முடியும். இல்லையென்றால் தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஊசி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. இங்கே நடப்பதையே பதிலாகத் தொட்டேன்: வேறு ஊசி மாட்டித் தைப்போம். உடனே கை கழுவும் பாடத்துக்குத் தள்ளிவிட்டது. சாப்பிடும் இடத்தில் போன் சத்தமாகக் கழிவறை, சோப்பு என்று படித்தது. எல்லோரும் சிரித்தார்கள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் ராமசுப்பு அண்ணாச்சி நம் கயத்தாறுக்காரர்தான்.

"ஏட்டி, நெசத்தை யாரு கேட்டா? துண்டைத் தேடி எடுப்பேன்னு அமுக்கு" என்றார்.

"அப்போ தேட விடுவியளா அண்ணாச்சி?"

"தேடிக்கிட்டு இருந்தா சட்டை யாரு தைப்பா?"

சீ என்றாகிவிட்டது. நாங்கள் தைப்பது கைக்குழந்தைச் சட்டை, அம்மா. ஆனாலும் அவர் சொன்னதையே அமுக்கினேன். நாளை முதல் எனக்கு மெஷின். கவலைப்படாதீர்கள்.

வீட்டில் உடைந்து கிடக்கும் ரேடியோவிலிருந்து காந்தத்தைக் கழற்றி அனுப்புங்கள். ஊசித் துண்டு சட்டையில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். தபாலில் வேண்டாம், தொலைந்துவிடும். அப்பாவே கொண்டுவந்தால் நல்லது. பெல் அடிக்கிறது, ஓடுகிறேன்.

தங்கமாரி