ஷிபானா தானாக ஏறிய ஜீப்

பெப்ரவரி 11, ஞாயிறு

இன்று மதுரங்குளியில் ஒரு சின்ன ஜீப்பைப் பார்க்கப் போனோம். மகள் ஷிபானாவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. அவளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடத்தான் வாகனம் தேடுகிறோம். ஆறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளால் நடக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளை ஆட்டோவில் தூக்கி ஏற்றுவது நான்தான்.

அவளுடைய வாப்பா எஞ்சினைத் திறந்து பார்த்தார், டயரைத் தட்டினார். பெட்ரோல் அதிகம் குடிக்காது என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஷிபானாவோ சக்கர நாற்காலியைக் கதவோடு ஒட்டி நிறுத்தினாள். போன கிழமை பார்த்த கார் மிகவும் பதிவு, இருக்கை தாழ்ந்து கிடந்தது. அதற்கு முந்திய ஜீப் எட்டாத உயரம். இதன் இருக்கை நாற்காலிக்குச் சரிமட்டமாக இருந்தது.

நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன்.

"உம்மா, புடிக்க வாணாம். நானே ஏறிப் பாக்குறேன்."

மேலே இருந்த கைப்பிடியைப் பற்றி, உடம்பை ஒரே மூச்சில் இருக்கைக்கு நகர்த்தினாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். முகமெல்லாம் வேர்வை.

"வாப்பா, இதையே எடுப்போம்."

"ஓம் மகள்" என்றார். எஞ்சின் மூடியைச் சாத்திவிட்டு விலை பேசப் போனார்.

திரும்பி வர ஆட்டோ பிடித்தோம். அவளைத் தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏற்றாமல் அப்படியே நின்றேன்.

"ஏத்துங்க உம்மா, ஆக்கள் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றேன்.