பினாங்குக்குக் கடலை உருண்டை

ஜூலை 21, திங்கள்

காலையில் பாகு முறுகிவிட்டது. கடையில் கூட வேலை செய்கிற உண்ணாமலை கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "எங்கக்கா இருக்கீங்க? அடுப்பாண்டயா, ஆகாசத்துலயா?" என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஜன்னலில் மலை தெரிந்தது. உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கொஞ்ச நாளாக இப்படித்தான். கை மட்டும் வேலை செய்கிறது. நான் எங்கேயோ இருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

புது நம்பரிலிருந்து போன். "தரணேந்திரன் சார் இருக்காங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லீங்க."

"எப்ப வருவாங்க?"

இதுக்கு என்ன பதில் சொல்வது? பங்குனியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த என் வீட்டுக்காரர் அப்புறம் எழுந்திருக்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். முகம் தெரியாதவள் எனக்காக அழுகிறாள். நான்தான் அவளைத் தேற்றினேன்.

பேர் வினோதினி. பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். கடல்கடந்த தமிழ் வணிகர் சங்கத்தில் செயலாளராம். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. நம் பக்கத்துச் சின்ன வியாபாரிகளிடம் சரக்கு எடுத்து அங்கே விற்பார்கள். தோதாக இருந்தால் இங்கே முதலும் போடுவார்கள். போன வருஷம் வேலூர் கூட்டத்துக்கு அவர் போய் வந்தார். கழுத்தில் மாட்டின அட்டையைக் கழற்றாமலே பஸ்ஸில் வந்தார். "நம்ம உருண்டை கப்பல் ஏறப் போவுது மாலா" என்றார். வாசலில் செருப்பைக்கூட விடவில்லை, அதைத்தான் முதலில் சொன்னார்.

"பௌர்ணமிக்கு வரேன் க்கா. கிரிவலமும் ஆச்சு, உங்கள பாத்த மாதிரியும் ஆச்சு லா" என்றாள், அந்த ஊர் 'லா'வோடு.

ஜூலை 25, வெள்ளி

மத்தியானம் கண் அசந்தபோது கனவு. அவர் கடல்மேல் நடந்து போகிறார். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. தோளில் உருண்டைத் தட்டு. கரையில் நின்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். "நமுத்துப் போயிடும், மூடி எடுத்துட்டுப் போங்க" என்றேன். இத்தனை நாள் கழித்துப் பார்க்கிறேன், அதைத்தானா சொல்வேன்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமி. வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். வினோதினி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக அடி அண்ணாமலையில் இருக்கிற நம் கடைக்கு வந்து சேர்ந்தாள். பாதம் சிவந்திருந்தது. "இந்த ஊர்ல கார்ல வரவங்களே இல்லியா?" என்றாள். "இன்னைக்கு கலெக்டரே வந்தாலும் நடைதாம்மா" என்றாள் உண்ணாமலை.

என் கொழுந்தனார் நிர்மலும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தார். கடலை அவர் நிலத்துக் கடலைதான்.

வினோதினி ஒரு உருண்டை தின்றாள், கண்ணை மூடிக்கொண்டாள், இன்னொன்று எடுத்தாள். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். தீபாவளிக்குப் பினாங்கு, ஈப்போ கடைகளுக்கெல்லாம் வேண்டும். சங்கமே வறுக்கிற மெஷின் வாங்கித் தரும், லாபத்தில் அதற்குப் பங்கு. கப்பல் புரட்டாசிக்குள் கிளம்பணும். அதனால் ராத்திரியும் அடுப்பு எரியணும்.

ராத்திரியா?

நாங்கள் ஜைனர். பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை, அடுப்பும் பற்றவைப்பதில்லை. வெளிச்சத்துக்கும் இனிப்புக்கும் பூச்சி வரும். தெரியாமல் ஒரு உயிர் போய்விடும். அதில் என்னைவிட அவர் கறார். வெயில் இறங்கும்போது ஒரு கொப்பரை பாதியில் இருந்தாலும் அணைத்துவிடுவார்.

அதைச் சொன்னேன். "ஜன்னலுக்கு வலை அடிச்சா போச்சு அண்ணி" என்றார் நிர்மல். "அண்ணன் இருந்தா இந்நேரம் சரின்னு சொல்லி, பினாங்குக்கு வழி கேட்டுனு இருப்பாரு."

வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யோசிச்சு சொல்லுங்க க்கா" என்றாள். நிலா மலைக்குப் பின்னாலிருந்து வரும்போது கிளம்பிப் போனாள். கூட்டத்தில் அவள் தலை கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் எல்லாத் தலையும் ஒரே தலையாகிவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவர் என்ன சொல்வார்? கப்பல் கப்பல் என்று கிடந்ததும் அவர்தான். அடுப்பை அணைத்ததும் அவர்தான். நான் எந்த அவரிடம் கேட்பது?

ஆகஸ்ட் 15, வெள்ளி

நிர்மல் ஆள் கூட்டிவந்து வலை அடித்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை விட்டபோது விளக்கு போடும் நேரம். ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று நானே அடுப்பைப் பற்றவைத்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

வெல்லம் கரைந்து கொதி வந்தது. ஜன்னலில் வலை நன்றாகத்தான் நின்றது. கதவுக்கு அடியில் ஒரு ஈசல் வந்தது. அப்புறம் இன்னொன்று. உண்ணாமலை சாக்கை எடுத்து இடுக்கில் திணித்தாள். அதற்குள் வெளியே பெய்த மழை உள்ளே வந்த மாதிரி— எத்தனை! விளக்கைச் சுற்றி, என் தலையைச் சுற்றி. எல்லாம் பாகில் இறங்கின. பாகு முழுக்க இறக்கை, பொன்னும் கண்ணாடியுமாக மினுமினுத்தது. அழகாக இருந்தது. அழகாக இருந்தது என்று எழுதவே பயமாக இருக்கிறது.

அணைத்துவிட்டேன். விளக்கையும் அணைத்தேன். இருட்டில் ரெண்டு பேரும் நின்றோம். இறக்கை சத்தம் மட்டும் கேட்டது.

"விடுக்கா, நாளைக்குள்ள தானா சாவறதுதான் அதுங்க" என்றாள் உண்ணாமலை.

நாளைக்குள்ள சாகட்டும்டீ. என் அடுப்புலயா சாவணும்?

ஆகஸ்ட் 18, திங்கள்

பாகைக் கொப்பரையோடு தூக்கிப்போய்க் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டிப் புதைத்தேன். அப்புறம் வினோதினிக்குப் போன் போட்டேன். ராத்திரி வேலை நம்மால் ஆகாது, பகலில் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் என்றேன்.

"அது பத்தாது க்கா. அப்ப தீபாவளி ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும்."

"போவட்டும்மா."

தெளிவாகத்தான் சொன்னேன். போனை வைத்ததும் என்னால முடியல. அவரு ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் நானே கெடுத்துட்டேனே. பங்குனில ஒரு தரம் போனாரு, இப்ப இன்னொரு தரம் நானே அனுப்பிட்டேன். யார்கிட்ட சொல்லுவேன் இத?

ஆகஸ்ட் 20, புதன்

நிர்மல் வந்தார். "பூச்சிக்காகக் கப்பல விட்டுட்டீங்களே அண்ணி" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆர்டர் வேறு ஊர் கம்பெனிக்குப் போய்விட்டது. இன்று அவர்கள் சரக்கு கப்பல் ஏறியிருக்கும். நாள் முழுக்கக் கடைக்கு முன்னால் போகிற ஜனங்களைப் பார்த்தபடி இருந்தேன். எல்லாரும் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி மெதுவாகப் போனார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இது மகாவீரர் முக்தி அடைந்த நாள். விடியற்காலையில் நிர்மல் ஊர்க் கோயிலுக்குப் போனேன். அவர் வீட்டில் இலை போட்டார்கள். அவரே பரிமாறினார். ரெண்டு மாசமாகப் பேசாதவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "பகல்ல மட்டும் செஞ்சா, மார்கழிக்குள்ள எவ்ளோ தேறும்?" என்றார்.

"எதுக்கு?"

"பொங்கலுக்கு. அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசிட்டேன். அவங்க சங்கத்துல பேசிப் பாக்கறேன்னு சொல்லிச்சு. திட்டணும்னா சாப்ட்டுட்டுத் திட்டுங்க."

திட்டவில்லை. ஏன் மனசு மாறினீர்கள் என்று கேட்டேன். "அன்னிக்குக் கோவத்துல வீட்டுக்குப் போயி, பொழுது போனப்புறம் சோறு போடச் சொன்னேன். ஒரு வாய்கூட எறங்கல. எனக்கே எறங்காதத உங்கள செய்யச் சொன்னா எப்டி?" என்றார். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நவம்பர் 9, ஞாயிறு

சங்கத்தின் கூட்டம் போனிலேயே நடந்தது. சின்னச் சின்னக் கட்டத்தில் முகங்கள். ஒருத்தர் பின்னால் வெயில், ஒருத்தர் பின்னால் இருட்டு. டர்பனில் இருக்கிற ஒரு பெரியவருக்கு அப்போதுதான் காலை, கையில் டீ இருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை பொழுது!

"ராத்திரி வேலையே செய்ய மாட்டீங்களாமே?" என்றார் அவர்.

"மாட்டோம்ங்க."

"அப்ப ராத்திரில என்னதான் பண்ணுவீங்க?"

"தூங்குவோம்ங்க."

எல்லாக் கட்டமும் சிரித்தது. வினோதினிதான் ஜாஸ்தி சிரித்தாள். அப்புறம் பேசி முடிவு செய்தார்கள். பொங்கலுக்கு, முன்னே கேட்டதில் பாதி. கப்பலில் இடம் காலியாக விடமாட்டார்களாம், மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து நம் பெட்டியும் போகும். மெஷினுக்கு முதல் போடுகிறார்கள். பகலில் ஓடினால் போதும்.

டிசம்பர் 11, வியாழன்

லாரி வந்தது. உண்ணாமலை ஒவ்வொரு பெட்டியையும் தட்டித் தட்டி, "போயி ஒழுங்கா நடந்துக்கோ, மானத்த வாங்காத" என்று ஏற்றினாள். லாரி தெரு முனையில் திரும்பும்வரை நின்றேன். அழுகை வரும் என்று முந்தானையை எடுத்து வைத்திருந்தேன். தூசிதான் வந்தது.

டிசம்பர் 29, திங்கள்

வினோதினி போன் செய்தாள். பெட்டி எல்லாம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். "அடுத்தது எப்ப முடியும் க்கா?" என்றாள். "மாசில தரேன்மா. ஆனா இதே அளவுதான், ஏத்தாத" என்றேன். சரி என்றாள்.

போனை வைத்துவிட்டு, கடலை புடைக்கப் போய்விட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் என்ன சொல்வார் என்று நான் யோசிக்கவே இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு வலிக்கும் என்று நினைத்தேன். பசித்தது. வெயில் இன்னும் இருந்தது. போய்ச் சாப்பிட்டேன்.